புத்தநெறி மன்றங்களில் தமிழுக்கு இடம் எங்கே?

தமிழகத்தின் பேரூர்களிலும் கோலார் தங்கவயலிலும் புத்தநெறி மன்றங்கள் கூடுகின்றன. சாதிச் சேற்றை உதறியெழுந்த உழைக்கும் மக்கள் வெள்ளுடை உடுத்தி, நிரல்பட அமர்ந்து, அறம் கேட்கவும் ஊழ்கம் (தியானம்) பயிலவும் முனைகின்றனர். கூடுவது நன்று, கற்க முனைவது அதனினும் நன்று. ஆனால் கூடியபின் அங்கு ஒலிப்பது எந்த மொழி? புத்தர், அறம், சங்கம் எனும் மும்மணிகளை அடைக்கலமாகக் கொள்ளும் உரை பாலியில்! கொலை, களவு முதலிய ஐந்தையும் ஒழிப்பதாகக் கூறும் உறுதிமொழி பாலியில்! வாழ்த்தும் பாலியில்! ஓதுவோர் பலர், ஓதியதன் பொருளை உரைக்க வல்லார் சிலர்.

நகரத்து மாடங்களில் நடைபெறும் ஊழ்க வகுப்புகளின் நிலையோ வேறு. அங்கே பாலியின் இடத்தில் ஆங்கிலம் அமர்ந்திருக்கிறது. மூச்சைக் கவனிப்பதற்குக்கூட 'மைண்ட்புல்னசு' என்னும் சொல் கடல் கடந்து வரவேண்டியிருக்கிறது! ஆங்கிலம் அறியாத் தமிழன் மூச்சே விடுவதில்லை போலும்!

கோயிற் கருவறையில் விளங்கா மொழி ஒலித்தால், "தமிழில் ஓதுக" எனக் கிளர்ந்தெழும் தமிழன், புத்தர் திருவுருவின் முன் விளங்கா மொழி ஒலித்தால் கைகூப்பி நிற்பது எந்த அறிவின்பாற் பட்டது? சமற்கிருதம் செய்தால் தீங்கு, பாலி செய்தால் நன்மை என்று ஓர் அளவுகோல் உண்டா? பொருளறியாது ஓதப்படும் சொல், எம்மொழிச் சொல்லாயினும் மந்திரமாகிவிடும். மந்திரம் தோன்றிய இடத்தில் அதனை ஓதுதற்கென்று ஒருவன் தோன்றுவான். அவனே நாளடைவில் பூசகன் ஆவான். எந்தப் பூசகனிடமிருந்து தப்பி மக்கள் புத்தரை நாடினரோ, அந்தப் பூசகனே மஞ்சளாடை உடுத்து மீண்டும் வந்து நிற்பான்.

இஃது இன்று எழுந்த வினா அன்று. புத்தர் காலத்திலேயே எழுந்தது. அவரே விடையும் தந்தார். துறவியர் ஒழுக்கநூலாகிய விநயத்தில், சுள்ளவக்கம் என்னும் பகுதி அச்செய்தியைக் கூறுகிறது. பார்ப்பனக் குடியிற் பிறந்து துறவு பூண்ட உடன்பிறந்தார் இருவர் புத்தரை அணுகினர். பல குடியினரும் பல நாட்டினரும் தத்தம் பேச்சில் அறவுரையைக் கூறிக் கெடுக்கின்றனர் என்றும், அதனைச் சந்தமொழியில் ஆக்கிவைக்க இசைவு வேண்டும் என்றும் கேட்டனர். புத்தர் அவர்களைக் கடிந்தார். அவ்வாறு செய்வது குற்றம் என்றார். அறவுரையைத் தம் மொழியிலேயே கற்க இசைவளித்தார். உயர்மொழி என்று ஒன்றை ஏற்றிவைத்து அதற்குள் அறத்தைப் பூட்டும் முயற்சியை முதலில் முறியடித்தவர் புத்தரே!

இதற்கு மறுப்பும் உண்டு. 'தம் மொழி' என்றது புத்தருடைய மொழியாகிய மகதத்தையே குறிக்கும் எனப் பிற்காலத்து உரையாசிரியர் புத்தகோசர் பொருள் கொண்டார். பாலியன்றி வேறு மொழி ஆகாது என்பார் பற்றும் கொழுகொம்பு இதுவே. பல நாட்டுப் பேச்சும் கலக்கின்றன என்ற முறையீட்டுக்கு, ஒரே மொழியில் கற்க என்பதே விடையாயின், முறையிட்டவரைக் கடிந்தது ஏன்? உரை மூலத்தின் முகத்தை மறைக்குமாயின் மூலத்தையே பற்றுக!

பிற நாட்டார் மூலத்தின் வழியே நின்றனர். காஞ்சியை ஏழாம் நூற்றாண்டில் கண்ட சீனத் துறவி யுவான் சுவாங், அந்நாட்டில் நூறு பள்ளிகளும் பதினாயிரம் துறவியரும் இருந்ததாகக் குறித்துள்ளார். அவர் 645-இல் தாயகம் மீண்டார். எஞ்சிய வாழ்நாள் முழுதும் தாம் கொணர்ந்த நூல்களைச் சீன மொழியில் பெயர்ப்பதிலேயே செலவிட்டார். 'தியானம்' என்னும் சொல் சீனர் நாவில் 'சான்' ஆயிற்று. சப்பானியர் நாவில் 'சென்' ஆயிற்று. அவர்கள் தம் நாவை நெறிக்காக வெட்டிக்கொள்ளவில்லை. நெறியைத் தம் நாவில் வளர்த்தனர்.

தமிழில் சொல் இல்லையா? புத்தநெறியின் உயிர்நிலையான பன்னிரு சார்புகளைச் சாத்தனார் மணிமேகலையின் முப்பதாம் காதையில் தமிழாக்கி வைத்துள்ளார். பாலியின் அவிச்சா அங்கே பேதைமை; தண்கா, வேட்கை; உபாதானம், பற்று; வேதனா, நுகர்வு; நாமரூபம், அருவுரு. பன்னிரண்டனுள் 'பவம்' ஒன்றே அயற்சொல்லாய் நிற்கிறது. உழவனும் நெசவாளியும் கேட்ட அளவிலே உணரும் சொற்கள் அல்லவா இவை?

எண்வகை நெறியைத் தமிழர் நற்காட்சி என்று தொடங்கி நல்லமைதி என்று முடிப்பர். அவற்றுள் ஏழாவது நற்கடைப்பிடி. 'கடைப்பிடி' என்பதற்குக் கொண்ட பொருளை மறவாமை என இறையனார் களவியலுரை பொருள் கூறும். பாலியின் 'சதி' என்னும் சொற்கும் நினைவு, மறவாமை என்பதே அடிப்பொருள்! வெள்ளைக்காரரான இரீசு தேவிட்சு 1881-இல் அச்சொல்லை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தந்ததைத்தான் இன்று நகர வகுப்பார் புதையல் கண்டாற்போல் ஏந்தித் திரிகின்றனர். பொருத்தமான சொல் வீட்டிலிருக்க, அயலான் வாசலில் கையேந்துவது ஏழைமை அன்று, பேதைமை!

இம்மன்றங்களின் முன்னோடி யாவர் என்பதையும் நினைத்தல் வேண்டும். 1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய புத்த சங்கத்தை நிறுவினார். மணிமேகலையை உ.வே.சா. அச்சிட்டு வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். 1907-இல் அயோத்திதாசர் தொடங்கிய கிழமையிதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. மறு ஆண்டில் அது 'தமிழன்' ஆயிற்று. புத்தர் வரலாற்றையும் அறத்தையும் விரித்து 'ஆதிவேதம்' எழுதியபோது அவர் சான்று தேடிய இடம் தமிழ்நூற் பரப்பு. அவர் நடையில் வடசொல் மிகுதி என்பது உண்மையே; ஆயினும் அவர் காட்டிய அடித்தளம் தமிழ். தங்கவயலில் நிலத்தடியிற் பொன் அகழ்ந்த தமிழ்த் தொழிலாளர் மன்றம் கண்டு, அவருடைய நூல்களை அச்சேற்றிக் காத்தனர். 2001-இல் அச்சுரங்கம் மூடப்பட்டது. அவர் விட்டுச்சென்ற சொற்சுரங்கத்தையும் மூடிவிடலாமா?

அண்ணல் அம்பேத்கர் 1956 அத்தோபர் 14-இல் நாகபுரியில் நெறி மாறியபோதும் இவ்வுண்மை விளங்கியது. அடைக்கலவுரை பாலியில் அமைந்தது. ஆனால் வாழ்க்கையையே மாற்றவல்ல 22 உறுதிமொழிகளையும் அவர் மக்கள்முன் மராத்தியில் கூறினார். உணர்ந்து ஏற்கவேண்டியதை உணரும் மொழியில் சொன்னார்.

"புத்தம் சிங்களவன் மதம், தமிழனுக்கு அது எதற்கு?" என்று கேட்போரும் நம்மிடையே உளர். 2009-இல் முள்ளிவாய்க்காலைக் கண்ட இனத்தின் நெஞ்சக் கொதிப்பு அது, பழிக்கத்தக்கதன்று. இலங்கை அரசு 1972 முதல் தன் அரசியற் சட்டத்திலேயே புத்தநெறிக்கு முதன்மை இடம் தந்து, அதனைச் சிங்களப் பேரினத்தின் படைக்கலமாக ஆக்கிக்கொண்டது. ஆனால் ஒன்றை எண்ணுக! யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில் நிற்கும் சிறு தூபிகள் தமிழ்ப் புத்தருடையவை ஆகலாம் என்று ஆய்வாளர் சிலர் கூறினும், புத்தச் சின்னம் கிடைத்த மண்ணெல்லாம் சிங்கள மண் என்று பேரினவாதி உரிமை கொண்டாடுகிறான். தமிழர் தம் புத்த மரபை மறந்ததே அவனுக்கு வாய்ப்பாயிற்று. நாதகுத்தனாரின் குண்டலகேசி ஓதுவாரின்றி அழிந்து, சில பாடல்களே எஞ்சின. ஓதாத நூலைக் கறையான் கொள்ளும்; உரிமை கோராத மரபைப் பகைவன் கொள்வான்.

பாலியைப் பகைப்பது நோக்கமன்று. புத்ததத்தரைப் போன்ற சோழநாட்டுத் துறவியர் அம்மொழிக்கு நூல் பல ஈந்தனர். கற்க விழைவோர் அதனைக் கற்க. ஆயின் மன்றத்தின் மொழி தமிழாதல் வேண்டும். அடைக்கலவுரையும் ஐந்தொழுக்கமும் முதலில் தமிழில் ஒலிக்கட்டும். கூட்டந்தோறும் மணிமேகலையின் இறுதி இரு காதைகளிலிருந்து ஒரு பகுதி பொருளோடு பயிலப்படட்டும். ஊழ்கம் கற்பிப்போர் தமிழில் கற்பிக்கட்டும். பாலி நூல்களின் தமிழாக்கங்கள் ஒரே சீரான கலைச்சொற்களோடு மன்றந்தோறும் இருக்கட்டும்.

பிள்ளைகள் எழுத்தறியும் இடத்தைத் தமிழன் 'பள்ளி' என்கிறான். அறவோர் உறைந்த இடத்திற்கும் அதுவே பெயர். அப்பெயரைத் தந்த மொழிக்கு அப்பள்ளியினுள்ளே இடமில்லை என்றால், அதனினும் பெரிய இழிவு வேறு உண்டா?

மன்றத்தீர்! தமிழில் ஓதுக! தமிழில் உணர்க! உணர்ந்ததைத் தமிழில் வாழ்ந்து காட்டுக!