பனையேறியின் முதுகும் தமிழ்ச்சொல்லும்

குமரி மாவட்டத்துப் பனையேறியும் தென்னையேறியும் நாள்தோறும் அஞ்சுவது ஒன்றுண்டு. மரத்தினின்று விழுந்தவன் உயிர் பிழைத்தாலும், இடுப்புக்குக் கீழ் உணர்வற்றுக் கட்டிலோடு கிடக்க நேரும். உடைந்த முள்ளெலும்பு கூடிவிடும். அதனுள் ஓடும் தண்டுவடம் நைந்தால் தானே கூடுவதில்லை. அடிபட்ட இடம் குழிந்து, சுற்றிலும் வடுக்கட்டி, வளர முனையும் நரம்பிழைக்கு வழியை அடைத்துவிடுகிறது.

அக்குழியை நிரப்பி நரம்பிழைக்குக் கொழுகொம்பாய் நிற்கவே, உலகெங்கும் ஆய்வாளர் ஒருவகை மென்பொருளைச் சமைத்து வருகின்றனர். கடற்பாசியிலிருந்தும் இறால், நண்டு ஓட்டிலிருந்துங்கூட அதனை ஆக்குகின்றனர். நரம்பைப் போன்றே மெத்தென்றது. மருந்தையும் உயிரணுவையும் அதனுள் பொதிந்து ஊசிவழிச் செலுத்தலாம். 2021-இல் அமெரிக்காவின் நார்த்துவெசுட்டர்ன் பல்கலைக்கழகத்துச் சாமுவேல் சுடப்பு குழுவினர் இத்தகையதொன்றை ஒரேயொரு முறை செலுத்த, கால் முடங்கிய சுண்டெலிகள் நான்கு கிழமைக்குள் நடந்தன. மாந்தர்க்கு இஃது இன்னும் உறுதிப்பட்ட மருத்துவமாகவில்லை. இவ்வுண்மையைத் தமிழில் அறியாத குடும்பமே, நடக்க வைப்போம் என்று காசு பறிப்போரிடம் நிலத்தை விற்றுக் கொடுக்கும்.

இதற்குப் பெயர் 'ஐதரோசெல்'லாம்! நீரைத் தன்னுள் வலையிட்டுப் பிடித்து ஒழுகாமல் நிற்கும் பொருள் என்று விளக்குங்கள். பனையேறி நொடியில் "நுங்கு" என்பான். நுங்கு இயற்கை சமைத்த அத்தகைய பொருளேயன்றோ? 'நீர்நுங்கு' என்போம். 'நீர்க்களி' என்பாரும் உளர். களி அடுப்பில் கிண்டுவது, கெட்டியானது. நுங்கே பொருந்தும் என்பது என் துணிபு.

மருத்துவம் தமிழில் இயலாதென்பார் யாழ்ப்பாணத்து மானிப்பாயை எண்ணட்டும். அமெரிக்கரான சாமுவேல் கிறீன் அங்கே 1864 முதல் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், நூல்களும் ஆக்கினார். தமிழ்நாட்டோடு இணைய வேண்டி 1954-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் குண்டடிபட்டு மடிந்தோரின் மண்ணில், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் இன்றும் பாடம் ஆங்கிலத்தில்தான்!

நீர்நுங்கு வரும்போது வரட்டும். விழுந்தவனை அக்குளிலும் காலிலும் பற்றித் தூக்கித் தானியில் மடக்கி அமர்த்தினால், உடைந்த எலும்பு அசைந்து தண்டுவடத்தை மேலும் நசுக்கும். தலையும் கழுத்தும் முதுகும் அசையாமல் பலகையிற் கிடத்தியே கொண்டுசெல்ல வேண்டும். இதனை நல்ல தமிழில் எழுதிப் பனங்காட்டு ஊர்தோறும் ஒட்ட அம்மருத்துவர்கள் முன்வரட்டும். அச்சுக்கூலியை நாம் திரட்டித் தருவோம்.