'இல்லை' என்று எழுதும் முன்

இந்தியாவில் மாட்டு வெக்கை கடைசியாகத் தென்பட்டது 1995-ல், வட ஆற்காட்டில். தொற்றே இல்லாத நாடு என்ற அறிவிப்பு 2006-ல்தான் கிடைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நம் மூத்த மருத்துவர்கள் செய்த வேலையைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. தடுப்பூசியை நிறுத்திவிட்டு, கண்ணில் படாத நோயைத் தேடி ஊர் ஊராகப் போனார்கள். மாடுகளை ஓட்டிச் செல்லும் வழிகளில் விசாரித்தார்கள். மருந்தகங்களின் நாள் பதிவேட்டைப் புரட்டி, வாய்ப்புண்ணும் கழிச்சலும் சேர்ந்து கண்ட மாடு ஏதேனும் வந்ததா என்று பார்த்தார்கள். அந்தத் தேடல்தான் விடுதலைக்குச் சான்றாக நின்றது.

ஆட்டுக்கொல்லி நோயை 2030-க்குள் உலகிலிருந்தே ஒழிப்பது இப்போதைய இலக்கு. இந்தியாவில் அது முதலில் உறுதியானது 1987-ல், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில், செம்மறிகளில். அந்த அரசூர் வைரஸிலிருந்தே நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் ஒரு தடுப்பூசியையும் உருவாக்கியது. ஊசி நம்மிடம் இருக்கிறது. தேடல் போதுமான அளவு இருக்கிறதா என்பதே நம் கவலை.

நாம் போடுவது வீரியம் குறைத்த உயிர்த் தடுப்பூசி. அது உண்டாக்கும் எதிர்ப்பொருளையும், நோய் வந்து போனதால் உண்டான எதிர்ப்பொருளையும் வழக்கமான எலைசா பிரித்துக் காட்டாது. ஊசி போட்ட மந்தையில் ரத்தம் எடுத்தால் பாதுகாப்பு எவ்வளவு என்பது தெரியும். வைரஸ் சுற்றுகிறதா என்பது தெரியாது. அதற்கு, ஊசி முகாமுக்குப் பின் பிறந்து தாய்வழிப் பாதுகாப்பும் தீர்ந்துபோன, ஊசி போடாத குட்டிகளைப் பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், காய்ச்சலோடு நிற்கும் ஆட்டின் கண், மூக்குச் சளி மாதிரி.

அந்த மாதிரிதான் நமக்கு வந்து சேர்வதில்லை. மழைக்காலத்தில் மூக்கொழுகி இருமும் ஆட்டுக்கு நிமோனியா என்று எழுதி ஆன்டிபயாடிக் போடுகிறோம். சில பிழைத்தும்விடுகின்றன. ஆட்டுக்கொல்லியிலும் பின்தொடரும் பாக்டீரியா தொற்றுக்கு அந்த மருந்து கைகொடுக்கும். ஆகவே ஆடு பிழைத்தது நம் கணிப்புக்குச் சான்றாகாது. கிடை போடும் கீதாரியோ, நோய் என்று வெளியே தெரிந்தால் அடுத்த ஊர் வயலில் யாரும் கிடையை அனுமதிக்க மாட்டார்கள் என்று அஞ்சுகிறார். நலிந்த ஆடு சந்தைக்குப் போகிறது, நோயும் கூடவே போகிறது.

சந்தேகத்தைப் பதிவு செய்யும் உதவி மருத்துவரிடம் விளக்கம் கேட்கும் வழக்கம் எங்கிருந்தாலும் அது நிற்க வேண்டும். மாதிரி அனுப்பி 'நோயில்லை' என்று முடிவு வந்தால் அது வீண் வேலையன்று; ஒழிப்புக்கான ஆவணத்தில் அதற்குத்தான் மதிப்பு. நோய் புலனாய்வுப் பிரிவும் அந்த முடிவை அனுப்பியவருக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். பதில் வராத இடத்திலிருந்து இரண்டாவது மாதிரி வராது.

களத்தில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாத அறிக்கையில் ஆட்டுக்கொல்லிக்கு நேராக 'இல்லை' என்று எழுதும்போது, எத்தனை மந்தைகளைப் பார்த்தபின் அப்படி எழுதுகிறீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.