அலமாரியில் அழியும் படங்கள்

உங்கள் வீட்டு அலமாரியில் சில டி.வி.டி. தகடுகள் தூசு படிந்து கிடக்கலாம். தாத்தாவுக்குப் பிடித்த பழைய திரைப்படம் ஒன்று, அக்காவின் திருமணப் பதிவு ஒன்று. 'தகடுதானே, அது எங்கே கெடப்போகிறது?' என்று விட்டுவைத்திருப்போம். இந்த நம்பிக்கை தவறானது. அவை நன்றாக ஓடும்போதே குறைவில்லாத நகல் எடுத்துவைக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

டி.வி.டி. என்பது 12 செ.மீ. விட்டமும் 1.2 மி.மீ. தடிப்பும் கொண்ட பாலிகார்பனேட் தகடு. 0.6 மி.மீ. தடிப்புள்ள இரு வட்டங்களை ஒட்டி அதைச் செய்கிறார்கள். உள்ளே சுருள் வடிவில் ஒரு தடம் செல்கிறது. அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடைவெளி 0.74 மைக்ரான் மட்டுமே. ஓர் அடுக்கின் தடத்தை நீட்டிப் பிடித்தால் 11 கிலோமீட்டருக்கு மேல் வரும். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் செல்லும் சாலையில் பெரும்பகுதியை அது அளந்துவிடும்! இந்தத் தடத்திலுள்ள நுண்குழிகளைச் சிவப்பு லேசர் ஒளி படிக்கிறது. ஒளியைத் திருப்பி அனுப்புவது மெல்லிய உலோகப் படலம். கடையில் வாங்கும் படங்களில் அது பெரும்பாலும் அலுமினியம்.

ஒட்டு சரியில்லாத விளிம்பின் வழியே ஈரமும் உப்பும் புகுந்தால் இந்தப் படலம் அரிக்கப்படும். மாமல்லபுரம் கடலோரத்தில் வாழ்பவர்களுக்கு உப்புக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் வீட்டுச் சன்னல் கம்பிகளே சொல்லும்.

திருமணப் பதிவின் நிலை இன்னும் மோசம். விற்பனைக்கு வரும் படத்தில் குழிகள் அச்சில் வார்க்கப்பட்டவை. ஸ்டுடியோக்காரர் எழுதித் தந்த தகட்டிலோ, சாயப் பூச்சில் லேசர் சுட்ட அடையாளங்களே உள்ளன. வெயில், வெப்பம், ஈரம் மூன்றும் அந்தச் சாயத்தைக் கெடுக்கும்.

'கீறல் விழுந்த தகடுகூட ஓடுகிறதே?' என்று நீங்கள் கேட்கலாம். 1960-இல் ரீட், சாலமன் என்ற இரு அறிஞர்கள் வகுத்த பிழை திருத்தும் முறைதான் அதற்குக் காரணம். தகட்டில் தகவலோடு கூடுதல் குறியீடுகளும் பதிந்துள்ளன. சில எழுத்துகள் அழிந்தாலும் அவற்றைக் கொண்டு கணக்கிட்டு மீட்டுவிடலாம். ஆனால் இந்த நன்மையிலேயே ஓர் ஆபத்தும் உண்டு. பிழைகள் பெருகுவது நம் கண்ணுக்குத் தெரியாது. வரம்பைத் தாண்டும்போது படம் திடீரென நின்றுவிடும். ஆகவே 'கெட்டபின் பார்த்துக்கொள்ளலாம்' என்பது இங்கே செல்லாது.

நகல் எடுத்தால் தரம் குறையாதா? இதற்கு விடை மாமல்லபுரத்திலேயே இருக்கிறது. கடற்கரைக் கோயிலின் வெளிப்புறச் சிற்பங்கள் உப்புக் காற்றால் மழுங்கிவிட்டன. அவற்றுள் ஒரு முகத்தைப் பார்த்து இன்னொரு சிற்பி செதுக்கினால் சிறிது மாறும். அதைப் பார்த்து மூன்றாமவர் செதுக்கினால் மேலும் மாறும். பழைய வீடியோ நாடாவின் நகலும் இப்படித்தான் தேய்ந்தது. கல்வெட்டு அப்படியன்று. கணேச ரதத்தில் உள்ள பல்லவர் கல்வெட்டே தர்மராஜ மண்டபத்திலும் வெட்டப்பட்டிருக்கிறது. எழுத்தைச் சரியாகப் படித்து எழுதினால், நூறாவது நகலும் முதலாவதைப் போன்றதே. டி.வி.டி.யில் இருப்பவை 0, 1 என்ற இரண்டே எழுத்துகள். பிழையின்றிப் படித்தால் நகலுக்கும் மூலத்துக்கும் வேறுபாடு இல்லை.

ஆனால் பலர் இந்த நன்மையைத் தாமே கெடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு அடுக்குத் தகட்டின் கொள்ளளவு 8.5 ஜிகாபைட். அதிலுள்ள படத்தை 4.7 ஜிகாபைட் தகட்டில் அடக்குவதற்காகச் சுருக்குவார்கள். சுருக்கும்போது நுண்ணிய விவரங்கள் போய்விடும். அவை திரும்பி வாரா. இன்று இடத்துக்குப் பஞ்சமில்லை. 1 டெராபைட் வன்தட்டு நூற்றுக்கு மேற்பட்ட இரண்டு அடுக்குத் தகடுகளைக் கொள்ளும். எனவே சுருக்காமல், தகட்டின் முழு உருவையும் ஒரே கோப்பாக எடுங்கள். அதற்கு முன், மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. கோப்பின் 'கைரேகை எண்ணை' மென்பொருளால் கணக்கிட்டுக் குறித்துவைத்தால், ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்க்கலாம். ஒரு நகல் கடலோர வீட்டில் இருந்தால், மற்றொன்று செங்கல்பட்டில் உள்ள சித்தி வீட்டில் இருக்கட்டும். ஒரே அலமாரியில் இருக்கும் இரண்டு நகல்கள் ஒரே வெள்ளத்தில் போய்விடும்.

'இது திருட்டு ஆகாதா?' நல்ல கேள்வி. உங்கள் வீட்டுத் திருமணப் பதிவில் இந்தச் சிக்கல் இல்லை; அதிலிருந்தே தொடங்குங்கள். விற்பனைப் படங்களில் பெரும்பாலும் மின்னணுப் பூட்டு உண்டு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், சொந்தப் பயனுக்கான நியாயமான கையாளுதலை ஏற்கிறது. உரிமையை மீறும் நோக்கத்துடன் பூட்டை உடைப்பது 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி குற்றம். கணினி நிரலுக்குக் காப்பு நகல் எடுக்கலாம் என்று வெளிப்படையாகக் கூறும் இச்சட்டம், திரைப்படத்துக்கு அவ்வாறு கூறவில்லை. காசு கொடுத்து வாங்கியவர் தம் வீட்டளவில் ஒரு நகல் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டமே தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த நகலை விற்பதோ ஊருக்கெல்லாம் பரப்புவதோ வேறு செயல். அது பிறர் உழைப்பைப் பறிப்பதாகும்.

'எல்லாப் படமும் இணையத்தில் கிடைக்கிறதே!' என்பாரும் உண்டு. இன்று கிடைப்பது நாளை விலக்கப்படலாம். தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-இல் வெளிவந்தது. கூட்டம் கூட்டமாக மக்கள் பார்த்த அந்தப் படம் இன்று நம்மிடம் இல்லை. போதிய நகல்களைப் பேணாமல் அதை இழந்தோம். அக்காலத்தில் நகல் எடுக்கப் பெரும் பொருள் வேண்டியிருந்தது. இன்று அரை மணி நேரமும் ஒரு கணினியும் அதில் இணைக்கும் டி.வி.டி. இயக்கியும் போதும். இந்த ஞாயிற்றுக்கிழமையே அலமாரியைத் திறவுங்கள். கையால் எழுதித் தரப்பட்ட பெயர்ச்சீட்டு உள்ள தகட்டை முதலில் எடுங்கள். அதற்கு உலகில் வேறு நகல் இல்லை.