கடைசி வண்டிக்கு முந்தைய நாள்

ஒரு ரயில் தடம் மூடப்படப்போகிறது என்ற செய்தி வந்த பிறகுதான் நமக்குக் கேமராவின் நினைவு வருகிறது. செங்கோட்டை–புனலூர், மதுரை–போடி மீட்டர் கேஜ் வண்டிகள் 2010இல் நின்றன. இப்படிப்பட்ட கடைசி நாட்களின் படங்களில் எஞ்சினையும் கையசைக்கும் கூட்டத்தையும் காண்கிறோம். அவை வழியனுப்பு விழாவின் படங்கள். அந்த வண்டி அன்றாடம் எப்படி ஓடியது என்பதை அவை சொல்வதில்லை.

சென்னையில் கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்வண்டி 1931 முதல் 2004 வரை ஓடியது. மூன்று தலைமுறைகள் அதில் அலுவலகம் போய் வந்தன. அந்தப் பெட்டிகளின் உட்புறத்தைக் காட்டும் படம் ஒன்றாவது கிடைக்குமா என்று எங்கள் வீட்டு ஆல்பங்களில் தேடினோம். கிடைத்தது ஒரு கல்யாணப் பயணத்தின் குழுப்படம் மட்டுமே. அதன் ஓரத்தில் ஏதோ ஒரு நிலையத்தின் பெயர்ப்பலகையில் பாதியும், எடை பார்க்கும் இயந்திரமும் தற்செயலாக விழுந்திருக்கின்றன. இன்று எங்களுக்கு அந்த ஓரந்தான் முக்கியமாகப் படுகிறது.

அமெரிக்கப் புகைப்படக்காரர் ஓ. வின்ஸ்டன் லிங்க் இதை முன்பே உணர்ந்திருந்தார். நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் என்ற வட்டார ரயில்வேயில் நீராவி எஞ்சின்கள் விடைபெற்றுக்கொண்டிருந்த 1955க்குப் பிந்தைய ஐந்தாண்டுகளில், நிறுவனத்தின் ஒப்புதலோடு, இரவில் ஃப்ளாஷ் விளக்குகளை வரிசையாக அமைத்துப் படமெடுத்தார். அவருடைய புகழ்பெற்ற படமொன்றில் திறந்தவெளித் திரையரங்கில் காருக்குள் ஒரு ஜோடி அமர்ந்திருக்கிறது. எஞ்சின் பின்னால் கடந்து போகிறது. ஆட்களை நிற்கவைத்து எடுத்த படங்கள் என்ற குறை உண்டுதான். ஆயினும் ரயில் என்பது அதனருகே வாழும் மனிதர்களையும் சேர்த்ததே என்பதை அவை மறக்கவில்லை.

நம் பாலங்களிலும் நிலையங்களிலும் படமெடுக்கத் தடை சொல்லும் பலகைகள் நெடுங்காலம் இருந்தன. சிறிய நிலையமொன்றில் நாங்களும் விரட்டப்பட்டிருக்கிறோம். ஆனால் பழியை எல்லாம் தடையின் மேல் போட்டுவிட முடியாது. 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தின் தூக்குப்பகுதி கப்பலுக்கு வழிவிட்டு விரிந்து நிற்கும் காட்சி எத்தனையோ நாட்காட்டிகளில் வந்துவிட்டது. அதைக் கையால் இயக்கித் திறந்த தொழிலாளர்களின் முகங்களை எத்தனை பேர் எடுத்தோம்? 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் வந்துவிட்டது. இனி அந்த வேலையே இல்லை.

ஆகவே நண்பர்களே, இழந்ததற்காகப் புலம்புவதோடு நின்றுவிட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. இன்று சலிப்பூட்டும் அளவுக்குச் சாதாரணமாக இருப்பவற்றை எடுத்து வையுங்கள்: கேட் கீப்பரின் அறை, காலை வண்டியில் பூக்கூடையோடு ஏறும் பெண்கள், மரத்தடி சிமெண்ட் பெஞ்சு. படத்தின் பின்புறத்தில் ஊரையும் தேதியையும் எழுதுங்கள். அனுமதி பெற்றுப் பெயரையும் எழுதுங்கள். கடைசி வண்டியைப் படமெடுக்க ஊரே வரும். அதற்கு முந்தைய நாள் யாராவது போக வேண்டும்.