மின்னுவதெல்லாம் எரிவாயு அல்ல

"கடலடியில் எரிவாயு கண்டுபிடிப்பு" என்று முதற்பக்கத்திற்குத் தலைப்பிட ஐந்து நிமிடம் போதும். நானும் அவ்வாறு தலைப்பிட்டவன்தான். கண்டது எவ்வளவு, அதில் எடுக்கக்கூடியது எவ்வளவு என்று அன்று நான் கேட்டதில்லை. அவற்றைக் கேட்க வேண்டும் என்பதை எனக்கு உணர்த்தியது, வடகடலில் நெதர்லாந்துக்குரிய பகுதியின் கதை.

ஸ்கண்டிநேவிய, பால்டிக் நிலங்களிலிருந்து பண்டைக் காலத்தில் பாய்ந்த எரிடானொஸ் என்னும் பேராறு அங்கே கொண்டுவந்து சேர்த்த மணலும் களியும் கடலடியில் பெருங்கழிமுகப் படிவுகளாகக் கிடக்கின்றன. அவற்றில் ஆயிரம் மீற்றருக்கும் குறைந்த ஆழத்தில் மெதேன் வாயு தங்கியுள்ளது. அதிர்வலைகளைச் செலுத்தி எடுக்கும் படத்தில் வாயு உள்ள இடம் பளிச்சென்று தெரியும்.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. மணலின் நுண்துளைகளில் நூற்றுக்குச் சில பங்கு வாயு இருந்தாலே படம் பளிச்சிடும். துளைகள் நிறைய இருந்தாலும் ஏறத்தாழ அவ்வாறே பளிச்சிடும். முதலாவதைத் துளைத்தால் கிடைப்பது பெரும்பாலும் தண்ணீரே. வாயு போதியளவு இருந்தாலும், இறுகாத மணல் அதனோடு சேர்ந்து கிணற்றுக்குள் புகுந்துவிடும். ஆபத்தும் உண்டு. 1985 இல் நோர்வேக்கு அப்பால் வெஸ்ட் வன்கார்ட் துளையிடு மேடை ஆழங்குறைந்த வாயுப் படையொன்றைத் துளைத்தபோது, வாயு கட்டுக்கடங்காது பீறிட்டுத் தீப்பற்றியது, ஒருவர் உயிரிழந்தார்.

1970களில் அறியப்பட்ட ஏ12 என்னும் நெதர்லாந்து வயல், 2007 இலேயே உற்பத்திக்கு வந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்! இதனைச் சோம்பல் என்பாருண்டு. மணலைத் தடுக்கும் வழியும் இலாபக் கணக்கும் தெளிவாகும்வரை காத்திருந்த நிதானம் என்பேன் நான். அவ்வயல் வீணாகவில்லை; வாயு வந்தது.

எமது மன்னார்க் கடலின் ஆழமும் அமைப்பும் வேறு. ஆயினும் 2011 இல் அங்கு இரு கிணறுகளில் வாயு கண்டபோது எழுந்த ஆரவாரத்தை நாம் மறக்கவில்லை. அங்கிருந்து ஒரு வீட்டு அடுப்புக்கேனும் இன்றுவரை வாயு வந்து சேரவில்லை. அன்று அமைச்சர்கள் கனவு கண்டார்கள் என்று மட்டும் குற்றஞ்சாட்டுவது நேர்மையன்று. அக்கனவுக்குப் பெரிய எழுத்தில் தலைப்பிட்டவர்கள் நாங்கள்.

படத்தில் தெரிவது ஒளி மட்டுமே. அதனை வளம் என்று எழுதுமுன், துளைத்துப் பார்த்தீர்களா, எவ்வளவு எடுக்கலாம், என்ன செலவாகும் என்று மூன்று கேள்விகளையாவது கேட்டுவிடுவோம்.