தனித்து நிற்பதோ தாய்?

என் வகுப்பிலே பயிலும் சிறுவனின் தாய், குடும்பநல நீதிமன்றத்து அழைப்பாணையை ஏந்தி வந்தார். எழுத்துக் கூட்டிப் படிப்பவர். 'எதிர்மனுதாரர்' என்ற சொல்லிலேயே நடுங்கிவிட்டார். எதிரியாம் அவர்! யாருக்கு? பெற்ற பிள்ளைக்கா?

1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, வழக்கறிஞர் வைத்து வாதாடுவதை உரிமையாகக் கோர முடியாது என்கிறது. சமரசம் மலரவேண்டிய மன்றத்திலே சொற்போர் எதற்கு என்பது நோக்கம். நன்று! நடப்பது என்ன? வசதியுள்ளவர் அனுமதி பெற்று வழக்கறிஞருடன் வருகிறார். வறியவர் வாயடைத்து நிற்கிறார். ஆலோசகர் உண்டே என்பீர். அவர் இரு தரப்புக்கும் பொதுவானவர். அஞ்சி நிற்பவரின் அருகே அமர்பவர் யார்?

இங்கிலாந்தைப் பாருங்கள்! மெக்கன்சி என்பாரின் மணவிலக்கு வழக்கிலே, அருகிருந்து உதவியவரை விலக்கியது தவறென 1970-இல் மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது. 'மெக்கன்சி நண்பர்' என்ற பெயரே அங்கு நிலைத்தது. அவர் குறிப்பெடுப்பார், தாள்களை ஒழுங்குசெய்வார், மெல்லிய குரலில் யோசனை கூறுவார்.

'சட்டம் கல்லாதார் கெடுத்துவிடுவர்' என்பர் சிலர். வாதாடவா ஆள் கேட்கிறோம்? நா உலராது நிற்கத் துணை கேட்கிறோம்! 5-ஆம் பிரிவு சமூகநல அமைப்புகளை மன்றத்தோடு இணைக்க வழிவகுத்துள்ளது. சட்டப்பணிகள் ஆணைக்குழுக்களிடம் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் உள்ளனர். கேட்கும் தாய்க்கும் தந்தைக்கும் அருகே ஒருவரை அமர்த்துக, உரிமையாக! பெற்றோர் தடுமாறினால் தண்டனை பெறுவது, என் வகுப்பின் கடைசி வரிசையில் பேச்சற்று அமர்ந்திருக்கும் அச்சிறுவனன்றோ?