பீலித் தண்ணீரும் கழிவு ஒயிலும்

இடம்பெயர்ந்து வந்து லுணுகலைப் பக்கம் புதிதாகக் காணி திருத்தும் குடும்பங்களுக்கு முதல் தேவை தண்ணீர். மலைச் சரிவில் மேலே கொட்டுவது கீழே இருப்பவரின் குடத்துக்குத்தான் வரும். ஆகவே, பீலியில் ஒயில் படலம் மிதந்தால் அதை நாம் சிறு விடயமாக எண்ணலாகாது.

லேண்ட்மாஸ்டர், தண்ணீர்ப் பம்பு ஆகியவற்றின் இயந்திரத்துக்குள் இருக்கும் ஒயில், மாற்றும்போது மட்டுமே வெளியே வருகிறது. மரம் அறுக்கும் சங்கிலி வாளுக்கு விடும் ஒயில் அப்படியல்ல. அத்தனையும் மரத்தூளோடு மண்ணில் விழுகிறது. இதனாலேயே ஒஸ்திரியா நாடு 1992ஆம் ஆண்டு முதல் சங்கிலி வாளுக்குக் கனிய எண்ணெய் விடுவதைத் தடைசெய்தது. தாவர எண்ணெயில் செய்த ஒயில் அந்த இடத்தைப் பிடித்தது. அது மண்ணில் விரைவாக மக்கிப்போகும்.

இது நமக்குப் புதிதல்ல. வைக்கோல் கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்து மாட்டுவண்டி அச்சுக்குப் பூசியவர்கள் நம் முன்னோர். 1909இல் இங்கிலாந்தில் வெளிவந்த காஸ்ட்ரோல் ஒயிலுக்குப் பெயர் வந்ததும் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான 'காஸ்டர்' என்பதிலிருந்தே.

ஆமணக்கெண்ணெய் இரும்பில் நன்கு ஒட்டும். தேங்காயெண்ணெய் 24 பாகை செல்சியஸ் அளவிலேயே உறையத் தொடங்கும். ஆமணக்கெண்ணெய் நமது காலைக் குளிரிலும் உறையாது. அது சமையலுக்குரிய எண்ணெயும் அல்ல. கத்தி, மண்வெட்டி, கப்பி, கைவண்டி அச்சு, கதவுக் கீல் ஆகியவற்றுக்கு அதுவே போதும். நாளானால் பிசுபிசுக்கும், துடைத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். வேலியோரம் ஆமணக்கு நடுவோர் ஒன்றை மறக்கக்கூடாது: அதன் விதை கடும் நஞ்சு. பிள்ளைகளும் ஆடுமாடுகளும் அண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லா ஒயிலையும் மாற்றிவிடலாம் என்று நாம் கூறவில்லை. இயந்திரத்துக்குள் அதற்குரிய ஒயிலைத்தான் விட வேண்டும். ஆனால் மாற்றி எடுத்த கழிவு ஒயிலைக் கானில் ஊற்றுவதையும், காசில்லாமல் கிடைக்கிறதென்று சங்கிலி வாளுக்கு விடுவதையும் நிறுத்தியே ஆகவேண்டும். அதில் உலோகத் துகள்களும் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருட்களும் கலந்திருக்கும்.

காணி உறுதி கைக்கு வராத குடும்பங்கள் நம்மிடையே பல. ஆனால் ஊற்றைக் காப்பதற்கு உறுதி தேவையில்லை. ஒவ்வொரு குடியிருப்பிலும் மூடியுள்ள ஒரு கலனை வைத்துக் கழிவு ஒயிலைச் சேர்ப்போம். அதைப் பொறுப்பேற்கும்படி பிரதேச சபையிடம் கேட்போம். தாவர எண்ணெயில் செய்த சங்கிலி ஒயிலைத் தருவித்து விற்கும்படி கூட்டுறவுச் சங்கத்திடமும் கேட்போம். ஒரு குடும்பமாகக் கேட்பதைவிட ஊராகச் சேர்ந்து கேட்பதே பலன் தரும்.